காய்ச்சல் தணிந்த பின்னும் மாத்திரை எதற்கு?
மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியும் அது கற்பிக்கும் பொறுமையும்

நம் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் அவர்களைக் கவனிக்கும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "இரத்தம் எடுத்து மூன்று நாளாயிற்று, முடிவு ஏன் இன்னும் வரவில்லை?" என்பது ஒன்று. "காய்ச்சல்தான் நின்றுவிட்டதே, இன்னும் மூன்று மாதம் மாத்திரை எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்கு விடை சொல்வதற்கு மெலியாய்டோசிஸ் என்னும் நோயைப் போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. பலரும் கேள்விப்படாத இந்நோய் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. காலத்தில் கண்டறிந்து முழுமையாக மருந்து உட்கொண்டால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். தவறவிட்டால் சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

நோயின் பொதுவான தோற்றம்

இங்கு நாம் தருவது தனியொருவரின் கதையன்று. மருத்துவர்கள் பல நோயாளிகளிடம் கண்டதன் சுருக்கம். ஐம்பது வயதைத் தொட்ட ஒருவர், வயலில் உழைப்பவர். சில ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை. மழைக்காலம் தொடங்கிய சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. அருகிலுள்ள மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளால் காய்ச்சல் இரண்டு நாள் தணிந்து மீண்டும் ஏறுகிறது. இருமலும் உடல் மெலிவும் சேர்கின்றன. மார்பு எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் நிழல் தெரிகிறது. காசநோயாக இருக்கலாம் என்று கருதி அதற்குரிய மருந்தைத் தொடங்குகிறார்கள். வாரங்கள் கழிந்தும் முன்னேற்றம் இல்லை. பின்னர் வயிற்றை ஸ்கேன் செய்தபோது கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுசிறு சீழ்க்கட்டிகள் தென்படுகின்றன. இரத்தத்தையும் சீழையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பின்னரே உண்மை வெளிப்படுகிறது.

இந்நோய் பிற நோய்களின் வேடத்தைப் பூணுவதில் வல்லது. ஒருவருக்கு நிமோனியாவாகவும், ஒருவருக்கு ஆறாத தோல் புண்ணாகவும், ஒருவருக்கு மூட்டிலோ எலும்பிலோ சீழாகவும் வரலாம். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ் பிடித்துச் சிறுநீர் அடைபடலாம். தாய்லாந்தில் குழந்தைகளுக்குக் காதின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிச் சீழ் கட்டுவது இந்நோயின் ஓர் அடையாளமாகவே கருதப்படுகிறது. மிகச் சிலருக்கு மூளையும் தாக்குறும்.

இரங்கூனில் கண்டறியப்பட்டது

1911ஆம் ஆண்டு, இன்றைய மியான்மரின் இரங்கூன் நகரில் ஆல்ஃபிரட் விட்மோர் என்னும் நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இறந்தோரின் உடல்களைப் பரிசோதித்து வந்தனர். சிலருடைய நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் விநோதமான சீழ்க்கட்டிகளைக் கண்டனர். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோயை அது ஒத்திருந்தது. ஆயினும் அம்மனிதர்கள் குதிரைகளோடு பழகியவர்கள் அல்லர். கட்டிகளிலிருந்து எடுத்த நுண்ணுயிரியை வளர்த்துப் பார்த்தபோது, கிளாண்டர்ஸ் கிருமி அசையாதிருக்க, இது நீந்திச் சென்றது. இது புதியதொரு நோய் என்று அவர்கள் 1912இல் உலகுக்கு அறிவித்தனர். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் கொழும்பில் பதிவானார். இந்நுண்ணுயிரியின் இன்றைய பெயர் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்பதாகும்.

நோய்களின் பட்டியலில் இந்நோய் நெடுங்காலம் அரிதானதாகவே இருந்தது. அதற்கு ஒரு காரணம், தேடாதவர் கண்ணுக்கு அது புலப்படாததே. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அவர்களில் 89,000 பேர் இறக்கின்றனர் என்றும் 2016இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. தெற்காசியாவே இச்சுமையின் பெரும்பங்கைத் தாங்குகிறது என்பதும் அம்மதிப்பீட்டில் வெளிப்பட்டது.

யாரைத் தாக்கும், எப்படி நுழையும்?

இந்நுண்ணுயிரியின் வீடு மண்ணும் சேற்று நீரும். கோடையில் மண்ணின் ஆழத்தில் தங்கியிருந்து, மழை பெய்து நிலம் ஊறும்போது மேலே வருகிறது. காலில் உள்ள வெடிப்பு, சிறு சிராய்ப்பு ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். புயல் மழையின்போது காற்றில் கலந்த நீர்த்துளிகளைச் சுவாசிப்பதாலும், தூய்மைப்படுத்தாத நீரைப் பருகுவதாலும் வரலாம். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியின் அருகில் அமர்வதற்கோ, உணவு ஊட்டுவதற்கோ குடும்பத்தினர் அஞ்ச வேண்டியதில்லை. சீழ் வடியும் புண்ணைத் தொடும்போது மட்டும் கையுறை அணிந்து, பின்னர் சோப்பிட்டுக் கைகழுவினால் போதும்.

நல்ல உடல்நிலையில் உள்ளோர் பலர் இக்கிருமியை எதிர்கொண்டும் நோயுறுவதில்லை. நோயுற்றவர்களில் பாதிப்பேர் அளவுக்கு நீரிழிவு உள்ளவர்கள். நாள்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் நோய், மிகையான மதுப்பழக்கம், தலசீமியா ஆகியனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது வெள்ளணுக்களின் போர்த்திறம் குன்றுவதே நீரிழிவாளர்கள் எளிதில் ஆட்படுவதற்குக் காரணம்.

வழக்கமான மருந்துகள் ஏன் பலிப்பதில்லை?

நுண்ணுயிர்க்கொல்லிகளை நாம் பொதுவாக 'ஆன்டிபயாடிக்' என்கிறோம். பெனிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளுக்கு இக்கிருமி இயற்கையிலேயே கட்டுப்படுவதில்லை. ஜென்டாமைசினையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இதன் உறையில் பல மருந்துகள் எளிதில் ஊடுருவ முடியாது. ஊடுருவியவற்றையும் நுண்ணிய இறைப்பான்கள் போன்ற அமைப்புகளால் வெளியே தள்ளிவிடும். மேலும் நம் உடலின் அணுக்களுக்குள்ளேயே, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து பிழைத்திருக்கும் ஆற்றலும் இதற்கு உண்டு. காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிய மாத்திரையோ, வீட்டில் மீந்திருந்த மாத்திரையோ இந்நோயைக் குணமாக்காது. ஆனால் ஒரு தீங்கைச் செய்துவிடும். இரத்தத்தில் உள்ள கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சோதனையில் அவை சிக்காதபடி மறைத்துவிடும்.

சோதனை முடிவுக்குக் காத்திருப்பது ஏன்?

இந்நோயை உறுதிசெய்யும் வழி, நுண்ணுயிரியை வளர்த்துக் காண்பதே. இரத்தம், சீழ், சளி, சிறுநீர், தொண்டையிலிருந்து எடுத்த மாதிரி ஆகிய பலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ஒரே இரத்தச் சோதனையில் அகப்படாமல் போகலாம் என்பதாலேயே பல இடங்களிலிருந்து மாதிரி எடுக்கிறோம். "இத்தனை முறையா?" என்று நோயாளிகள் வருந்துவதை நாங்கள் அறிவோம். தவிர்க்க முடியாத சிரமம் அது.

ஆய்வகத்தில் இதற்கென ஒரு சிறப்பு வளர்ப்பு ஊடகம் பயன்படுகிறது. அதில் ஜென்டாமைசின் மருந்தையே கலந்து வைத்திருப்பார்கள். மற்றக் கிருமிகள் பலவும் அதில் மடியும். நாம் தேடுவது மட்டும் தழைக்கும். கிருமியின் வலிமையையே அதனைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக்கிய நுட்பம் அது. சில நாள்களில் சுருக்கம் விழுந்த, காய்ந்த பூப்போன்ற கூட்டங்கள் தென்படும். இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். முடிவு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஐயம் வலுவாக இருந்தால் தக்க மருந்தை மருத்துவர்கள் முன்னதாகவே தொடங்கிவிடுவர்.

அறுபத்திரண்டு ஆண்டுகள் உறங்கிய கிருமி

பெரும்பாலானோருக்குக் கிருமி புகுந்த மூன்று வாரங்களுக்குள் நோய் வெளிப்படும். மிகச் சிலரிடம் அது ஓசையின்றி உறங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டுத் தென்கிழக்காசியாவில் கைதியாக இருந்த ஓர் அமெரிக்கர், நாடு திரும்பி முதுமை எய்திய பின் கையில் ஆறாத புண்ணோடு மருத்துவரிடம் வந்தார். அப்புண்ணில் இருந்தது இதே கிருமி. போர்க்காலத்தில் புகுந்த கிருமி 62 ஆண்டுகளுக்குப் பின் விழித்தெழுந்தது என்று 2005இல் வெளியான மருத்துவ அறிக்கை முடிவு கண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடமும் இது போன்று நாள்கடந்து தோன்றியதால், அந்நாட்டு மருத்துவர்கள் இதனைக் 'காலக் குண்டு' என்று அழைத்தனர்.

மற்றொரு நிகழ்ச்சி 2021இல் நடந்தது. அமெரிக்காவின் வெவ்வேறு நான்கு மாநிலங்களில் நால்வர் இந்நோயுற்றனர். அவர்களில் எவரும் வெளிநாடு சென்றவர் அல்லர். ஒருவரையொருவர் அறிந்தவரும் அல்லர். இருவர் இறந்தனர், அவர்களில் ஒருவர் குழந்தை. கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது நான்கும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றும், தெற்காசியாவில் காணப்படும் வகையைச் சேர்ந்தவை என்றும் தெரிந்தது. நோயாளிகளின் வீடுகளிலிருந்த பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து, மாதக்கணக்கில் தேடிய பின், அறையில் நறுமணத்துக்காகத் தெளிக்கும் ஒரு திரவக் குப்பியில் அக்கிருமியைக் கண்டனர். அது இந்தியாவில் தயாரித்து அனுப்பப்பட்ட பொருள். உடனே அப்பொருள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குச் சொல்வது ஒன்றுண்டு. நோயாளியின் வாழ்க்கையைப் பற்றிய செய்தியே பல வேளைகளில் மருத்துவரின் முதல் துப்பு. "வயல் வேலை செய்தீர்களா? காலில் காயம் இருந்ததா? வெள்ள நீரில் நடந்தீர்களா? முன்பு எங்கெங்கு வசித்தீர்கள்?" என்று நாங்கள் கேட்பது வெறும் பேச்சுக்காக அன்று. சிறிதெனத் தோன்றுவதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மதுப்பழக்கம் இருப்பின் அதையும் கூசாமல் கூறுங்கள். அச்செய்தி மருத்துவக் குழுவுக்கு வெளியே செல்லாது.

இருகட்டச் சிகிச்சை

1980களின் நடுப்பகுதி வரை இந்நோய் கடுமையாகத் தாக்கியவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். தாய்லாந்தின் உபோன் ராட்சதானி நகரில் நடந்து 1989இல் வெளியான ஆய்வொன்றில், பழைய மருந்துகளுக்குப் பதிலாக செஃப்டாசிடைம் என்னும் மருந்தைச் செலுத்தியபோது இறப்பு விகிதம் நூற்றுக்கு 74இலிருந்து 37ஆகப் பாதியாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் முப்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், முதல் ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு 31ஆக இருந்த இறப்பு, கடைசி ஐந்தாண்டுகளில் 6ஆகத் தாழ்ந்தது. விரைவாகக் கண்டறிந்ததும், தக்க மருந்தை உடனே தொடங்கியதும், தீவிர சிகிச்சைப் பிரிவின் கவனிப்பும் சேர்ந்து இவ்வெற்றியைத் தந்தன.

முதற்கட்டத்தில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் மருந்து நரம்பு வழியே செலுத்தப்படும். குறைந்தது இரண்டு வாரம். உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி இருந்தால் நான்கு வாரம். எலும்பைத் தாக்கியிருந்தால் ஆறு வாரம். மூளையைத் தாக்கியிருந்தால் எட்டு வாரம். பெரிய கட்டிகளில் உள்ள சீழை வெளியேற்றவும் நேரிடும். இக்கட்டத்தில் குடும்பத்தினர் அறிய வேண்டியது ஒன்று. சரியான மருந்து செலுத்தியும் காய்ச்சல் தணிவதற்கு ஏறத்தாழ ஒன்பது நாள் ஆகலாம். கட்டிகள் இருந்தால் அதனினும் நீளலாம். ஐந்தாம் நாளும் காய்ச்சல் அடிக்கிறதே என்று மனம் தளர்ந்து நோயாளியை வேறிடம் அழைத்துச் செல்ல முற்படாதீர்கள். உங்கள் கவலையை முதலில் எங்களிடம் கூறுங்கள்.

இரண்டாம் கட்டம் வீட்டில் நடப்பது. கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் உட்கொள்ள வேண்டும். எலும்பையோ மூளையையோ தாக்கியிருந்தால் ஆறு மாதம். இங்கேதான் முதலில் சொன்ன கேள்விக்கு விடை இருக்கிறது. காய்ச்சல் நின்றது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது, சீழ் வடிவதில்லை. ஆயினும் அணுக்களுக்குள் ஒளிந்த கிருமிகளும் கட்டிகளின் நடுவே எஞ்சிய கிருமிகளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். அவ்வாறு நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். திரும்பி வரும் நோய் முதல்முறையைப் போலவே உயிருக்கு ஆபத்தானது. நோய் திரும்பியோரை ஆராய்ந்தவர்கள் கண்ட முதன்மையான காரணங்களுள் ஒன்று, மாத்திரையை உரிய காலம் உட்கொள்ளாமையே.

களை எடுக்கும் உழவர் இதனை நன்கறிவர். மேலே தெரியும் தழையை அரிவதோடு களை அழிவதில்லை. வேர் மண்ணில் இருக்கும் வரை அடுத்த மழைக்கு அது மீண்டும் தலைதூக்கும். நரம்பு வழி மருந்து தழையை அரிகிறது. மாத்திரை வேரைக் களைகிறது.

மாத்திரைக் காலத்தில் கவனிக்க வேண்டியவை

கோட்ரைமாக்சசோல் நல்ல மருந்து. எனினும் கண்காணிப்பை வேண்டுவது. சல்ஃபா வகை மருந்து முன்பு ஒவ்வாமல் போயிருந்தாலும், கருவுற்றிருந்தாலும் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். உடலில் தடிப்போ, வாயில் புண்ணோ, கண் சிவப்போ தோன்றினால் அடுத்த மாத்திரையை உட்கொள்ளாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். இது மட்டுமே நீங்களாக நிறுத்தத் தக்க சூழல். வாந்தி, பசியின்மை போன்ற பிற தொல்லைகளுக்கு நிறுத்தாமல், எங்களைக் கேளுங்கள். அளவையோ நேரத்தையோ மாற்றியோ, வேறு மருந்து தந்தோ உதவ முடியும்.

இம்மருந்து இரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தலாம். இதற்காகவே குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். நோயாளி தேறிவர வேண்டும் என்னும் அன்பினால் உறவினர் நாள்தோறும் இளநீர் வாங்கித் தருவதுண்டு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோரும் இக்காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் இளநீரை மிகுதியாகப் பருகலாகாது. அன்பு குறையாமல், பானத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கவனிப்போர் செய்யத்தக்க எளிய உதவிகள் சில:

1. நாட்காட்டியில் ஒவ்வொரு வேளை மாத்திரைக்கும் ஓர் அடையாளம் இடுங்கள். பரிசோதனைக்கு வரும்போது அதனைக் கொண்டுவாருங்கள்.

2. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த தொகுப்பை வாங்கிவிடுங்கள். விலை சுமையாக இருந்தால் தயங்காமல் சமூகப்பணியாளரிடம் கூறுங்கள். பணமில்லாமல் மருந்து நிற்பதைவிட, கேட்டு வாங்குவதே நல்லது.

3. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுப்படாத நீரிழிவு, இந்நோய் குணமாவதைத் தாமதப்படுத்தும்.

4. வீடு திரும்பிய பின் காய்ச்சலோ, புதிய வீக்கமோ, மூச்சுத் திணறலோ வந்தால் கடை மருந்து வாங்காமல், நம் மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்போடு நேரே வாருங்கள். அக்குறிப்பில் உள்ள நோயின் பெயரை எம்மருத்துவரிடமும் முதலிலேயே காட்டுங்கள்.

மீண்டும் வயலுக்குச் செல்லலாமா?

செல்லலாம். உழைப்பைக் கைவிடுமாறு எவரிடமும் நாங்கள் சொல்வதில்லை. மாத்திரைக் காலம் முடிந்து மருத்துவர் ஒப்பிய பின், சேற்றில் இறங்கும்போது முழங்கால் வரையான ரப்பர் காலணியும் கையுறையும் அணியுங்கள். அவை எப்போதும் கைகூடாது என்பதை அறிவோம். அந்நாள்களில் வேலை முடிந்தவுடன் சோப்பும் தூய நீரும் கொண்டு கால்களை நன்கு கழுவித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீரிழிவுள்ளோர் காலில் காயம் இருக்கும்போது சேற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். கொதிக்கவைத்தோ, குளோரின் இட்டோ தூய்மையாக்கிய நீரையே பருகுங்கள். இடியும் சூறைக்காற்றுமாக மழை பொழியும் வேளையில் திறந்த வெளியில் நில்லாதீர்கள். இந்நோய்க்குத் தடுப்பூசி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இக்காப்புகளே நமக்கு வேலி.

எல்லாக் காய்ச்சலும் இந்நோயன்று. பெரும்பாலானவை எளிதில் தீர்பவை. ஆயினும் நீரிழிவுள்ள ஒருவருக்கு மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, காசநோய் மருந்து பலிக்காமல் போனாலோ, "மெலியாய்டோசிஸாக இருக்குமா, வளர்ப்புச் சோதனை செய்யலாமா?" என்று நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம். அக்கேள்வியை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எண்ணார். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் சில நாள்களும், நலமான பின்னும் மாத்திரை விழுங்கும் சில மாதங்களும் நீளமாகத் தோன்றும். அக்காலம் முழுவதும் உங்களோடு நாங்களும் காத்திருக்கிறோம் என்பதை மறவாதீர்கள்.